கடற்பாசியில் மருந்து உண்டா?

கடற்கரையோரத்துக் கிராமச் சங்கங்களின் அங்கத்தினர் பலர் ஒரு விஷயத்தைப் பற்றி விளக்கம் கேட்டு வருகின்றனர். கடலில் தானாக முளைத்து, அலையால் கரையில் ஒதுக்கப்படும் பாசியில் சர்க்கரை வியாதி, மூட்டுவாதம், இரத்தக் கொதிப்பு, புற்றுநோய் முதலிய பெருவியாதிகளுக்கெல்லாம் ஔஷதம் அடங்கியிருப்பதாக ஒரு செய்தி எங்கும் பரவியிருக்கிறது. இது மெய்தானா, நாமும் அதை உட்கொள்ளலாமா என்பது முதற் கேள்வி. மெய்யானால், பாசியை மலிவாக விற்றுவிடாமல் சங்கமாகக் கூடி நாமே மருந்து செய்து விற்றால் என்ன என்பது இரண்டாம் கேள்வி. முதலாவது உடம்பைப் பற்றியது. இரண்டாவது பணத்தைப் பற்றியது. இரண்டிலும் அவசரப்பட்டால் நஷ்டம் நமக்கே ஆதலின், இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். ஆயினும் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பவன். எந்தச் செய்தியிலும் வரவு எது, வெறும் வாக்கு எது என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. அந்த முறையிலேயே இதையும் பார்ப்போம்.

கடற்பாசி என்பது குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசியைப் போன்றதன்று. அது கடற்செடி எனலாம். ஆனால் செடிக்குரிய வேர், பூ, விதை ஒன்றும் அதற்கு இல்லை. பாறையையோ பவளத்திட்டையோ அடியினால் பற்றிக்கொண்டு, தனக்கு வேண்டிய உப்புக்களைத் தன் உடல் முழுவதாலும் கடல் ஜலத்திலிருந்து நேரே உறிஞ்சுகிறது. இந்த ஒரு குணமே அதன் நன்மைக்கும் தீமைக்கும் காரணம் என்பதைப் பின்னர்க் காண்போம். நிறத்தைக் கொண்டு பச்சை, பழுப்பு, சிவப்பு என மூவகையாகப் பிரிப்பர். நமது நாட்டில் பாசி மிகுதியாக விளையும் இடங்களில் மண்டபம், இராமேசுவரம் பகுதி முக்கியமானது. அங்கே மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்ற சிவப்பு இனங்களும், கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்ற பழுப்பு இனங்களும் 1960-களின் நடுவிலிருந்து வியாபாரத்துக்காக எடுக்கப்பட்டு வருகின்றன. முன்னிரண்டிலிருந்து அகர் என்னும் கூழ்ப்பொருளும், பின்னிரண்டிலிருந்து ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருளும் ஆலைகளில் எடுக்கப்படுகின்றன. கஞ்சிப்பாசியின் பெயரே அதன் உபயோகத்தைச் சொல்லிவிடும்.

சென்னையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் கடற்பாசி இரண்டு வேஷத்தில் விற்கிறது. ஒன்று, வெள்ளை நூற்கற்றை போலக் காகித உறையில் கட்டிய அகர். ரம்ஜான் நோன்பு மாதத்தில் முஸ்லிம் சகோதரர்களின் வீடுகளில் பால், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சித் துண்டு போடும் பலகாரம் இதனாலாவது. மற்றொன்று, மாத்திரைக் குப்பி. பெரிய மருந்துக் கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கிறார்கள். முதலாவதைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஒரு கடையில் விற்பனையாளர் ஒருவர், இக்குப்பியை வாங்கினால் சர்க்கரை மாத்திரையை மெள்ள நிறுத்திவிடலாம் என்று என்னிடமே சொன்னார். குப்பியின் மேல் சிறிய எழுத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தது. அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில், ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமான விஷயங்களை வரவில் வைப்போம். அவற்றுள் தலையானது அயோடின்.

1811-ம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் பெர்னார்ட் கூர்த்துவா என்பவர் வெடியுப்புத் தொழில் செய்துவந்தார். நெப்போலியனின் யுத்தங்களுக்கு வெடியுப்பு ஏராளமாக வேண்டியிருந்த காலம் அது. கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்து உப்பு எடுக்கும்போது, கந்தகத் திராவகம் அளவுக்கு மிஞ்சி விழுந்துவிட்டது. உடனே ஊதா நிறமான ஆவி எழும்பிப் பாத்திரத்தின் குளிர்ந்த பாகத்தில் கறுத்த பளிங்குகளாகப் படிந்தது. அதுவே அயோடின். ஊதா என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1820-ல், ஜெனீவா நகரத்து வைத்தியர் க்வாந்தே என்பவர் கழுத்துக் கழலை நோய்க்கு அயோடினைக் கொடுத்துப் பார்த்து, கழலை வற்றுவதைக் கண்டு வெளியிட்டார். சீன தேசத்து வைத்தியர்கள் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே கழலைக்குக் கடற்பாசி கொடுத்து வந்திருக்கின்றனர். எதனால் குணமாகிறது என்பது மட்டும் அதுவரை தெரியாதிருந்தது.

கழுத்தில் தைராய்டு என்னும் கோளம் ஒன்று இருக்கிறது. உடலின் சூட்டையும் வளர்ச்சியையும் சுறுசுறுப்பையும் நடத்தும் ரசத்தை அது சுரக்கிறது. அந்த ரசத்துக்கு அயோடின் இன்றியமையாத மூலப்பொருள். ஆகாரத்தில் அது குறைந்தால் கோளம் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள முயன்று வீங்குகிறது, அதுவே கழலை. வீக்கத்தைவிடக் கொடியது வேறொன்று. கர்ப்பவதிக்கு அயோடின் மிகவும் குறைந்தால் பிறக்கும் குழந்தை செவிடாகவோ, புத்தி வளர்ச்சியற்றதாகவோ ஆகிவிடக்கூடும். இமயமலைச் சாரலில் தலைமுறை தலைமுறையாக இத்துன்பம் இருந்துவந்தது. 1956-ல் தொடங்கி டாக்டர் ராமலிங்கசுவாமி முதலியோர் காங்ரா பள்ளத்தாக்கில், சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் உள்ள பிரதேசத்தை மூன்று மண்டலமாக்கி, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பும் நடு மண்டலத்துக்குச் சாதாரண உப்பும் அளித்துச் சோதித்தனர். அயோடின் உப்பு உண்ட இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. அந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, 1962-ல், தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் ஏற்பட்டது. இன்று நமது வீட்டு உப்புப் பொட்டலத்தில் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருப்பது இந்த வரலாற்றின் பயனே.

இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. அங்கத்தினர்கள் அதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு மைக்ரோகிராம் என்று பெயர். வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பவதிக்கு 250 வேண்டும். நமது சட்டப்படி வீட்டுக்கு வந்துசேரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்கவேண்டும். பத்துக் கிராம் உப்பு உண்டால் 150 ஆகிவிடுகிறது. ஆகவே அயோடின் உப்பை ஒழுங்காக உபயோகிக்கும் குடும்பத்தில் அயோடினுக்காகக் கடற்பாசியைத் தேடவேண்டிய அவசியமே இல்லை.

தேடினால் என்ன கெடுதி? இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. ஜப்பானியர் உண்ணும் கொம்பு என்ற பழுப்புப் பாசியில், உலர்ந்த ஒரு கிராமிலேயே 2000 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேலும் அயோடின் இருக்கலாம். அதாவது பதின்மூன்று நாட்களுக்கு வேண்டியது ஒரே சிட்டிகையில் வந்துவிடும். ஒரு நாளைக்கு 1100 மைக்ரோகிராமுக்கு மேல் ஆகாது என்பது அமெரிக்க தேசத்தார் வைத்துள்ள எல்லை. ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் கடற்கரையில் வாழ்ந்து, பாசியை மிகுதியாக உண்ட ஜனங்களிடையே கழலை காணப்பட்டதாக 1965-ல் சாஸ்திரிகள் வெளியிட்டனர். அயோடின் குறைந்தாலும் கழலை, மிகுந்தாலும் கழலை! கழலையைத் தீர்த்த பொருளே கழலையை உண்டாக்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பயிருக்கு ஜலமும் அப்படித்தானே? நமது கரையில் கிடைக்கும் பாசிகள் கொம்புவைப் போன்றவை அல்ல. எனினும் இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் அளவு மாறும். கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. தைராய்டு வியாதிக்கு மருந்து உண்பவர்கள் பாசித் தூளையோ மாத்திரையையோ வைத்தியர் அனுமதியின்றித் தொடலாகாது என்று சொல்லுவதற்கு இதுவே காரணம். கர்ப்பவதிகளும் அவ்வாறே.

இக்காலத்தில் உலகத்துக்கு வேண்டிய அயோடினில் பெரும்பகுதி சிலி தேசத்து வெடியுப்புப் பூமியிலிருந்தும் ஜப்பானில் நிலத்தடி உவர்நீரிலிருந்தும் எடுக்கப்படுகிறதேயன்றிப் பாசியிலிருந்தன்று. எனவே அயோடினுக்காக யாரேனும் நமது பாசியை உயர்ந்த விலைக்கு வாங்க வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நிற்க. இரண்டாவது வரவு அகர். இது நேரே நோயைத் தீர்ப்பதைவிட, நோயை அறிய உதவியதே அதிகம். ஜெர்மனி தேசத்தில் ராபர்ட் கோக் என்னும் பெரியார், வியாதிக் கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்க ஒரு தளம் தேடிக்கொண்டிருந்தார். மிருகங்களின் எலும்பு, தோல் இவற்றிலிருந்து காய்ச்சும் ஜெலாடினை உபயோகித்தபோது, வெயில் காலத்தில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று கரைத்துவிடும். அவரது ஆராய்ச்சிசாலையில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி பானி ஹெஸ்ஸே, வீட்டில் பழக்கூழ் செய்வதற்கு அகர் உபயோகிப்பவர். ஜாவாவில் வசித்த ஒரு டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து இப்பழக்கம் அவருக்குக் கிடைத்ததாம். வெயிலில் தன் பலகாரம் உருகாதிருப்பதைக் கண்ட அவர், கணவரிடம் அகரைப் போட்டுப் பார்க்கும்படி சொன்னார். அகர் சுமார் 85 டிகிரியில்தான் உருகும். உருகினபின் 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும். மனித உடம்பின் சூடான 37 டிகிரியில் கிருமியை வளர்க்க இதைவிடத் தகுந்த தளம் இல்லை. 1882-ல் கோக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்து வெளியிட்ட கட்டுரையிலேயே அகரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அடுக்களையில் பிறந்த யோசனை இன்று உலகத்து ஆஸ்பத்திரிகளிலெல்லாம் வேலை செய்கிறது. நம் வீட்டில் யாருக்கேனும் சிறுநீரையோ சளியையோ சோதனைக்கு அனுப்பி, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று வைத்தியர் சொல்லும்போது, அந்தக் கிருமி பெரும்பாலும் கடற்பாசிக் கூழின் மேல்தான் வளர்ந்திருக்கும். மரிக்கொழுந்துப் பாசியின் அகர் கஞ்சிப்பாசியின் அகரைவிடக் கெட்டியாக உறைவதால் இவ்வேலைக்கு ஏற்றது. அதனாலேயே அதற்கு விலை அதிகம்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றுபோயிற்று. அதுவரை உலகத்துக்கு அகர் அளித்தது பெரும்பாலும் ஜப்பானே. இங்கிலாந்தில் ஜனங்களைக் கரையோரமெல்லாம் பாசி பொறுக்க அனுப்பினார்கள். இந்தியாவிலும் கிராசிலேரியா இனப் பாசியிலிருந்து அகர் எடுக்கும் முறைகளை அப்பொழுதே ஆராய்ந்தனர். 1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1971-ல் தலைமையிடம் கொச்சிக்கு மாறியபோதிலும் மண்டபத்தில் அதன் கிளை இருந்துவருகிறது. பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கும் மண்டபத்தில் ஒரு பாசி ஆராய்ச்சி நிலையம் உண்டு. சங்கங்கள் சந்தேகம் கேட்கவேண்டிய இடங்கள் இவ்விரண்டே.

அகரை உண்டால் என்ன பலன்? நமது ஜீரண சக்தி அதைக் கரைக்காது. குடலில் ஜலத்தை உறிஞ்சி உப்பி, மலத்தை இளக்கும். மலச்சிக்கலுக்கு அது நல்ல பொருள். ஆனால் ஜலம் போதிய அளவு குடிக்காமல் தூளாக விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக்கூடும். பலகாரமாகச் செய்து உண்பதில் அந்தப் பயம் இல்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கு அகர் நல்லது என்று சொல்லி, அதில் முக்கால் ஆழாக்குச் சர்க்கரையைக் கொட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன பதில் சொல்லுவது!

மூன்றாவது வரவு ஆல்ஜினேட். பழுப்புப் பாசியிலிருந்து இப்பசையை முதன்முதல் பிரித்தவர் ஸ்டான்போர்டு என்ற ஆங்கில ரசாயன சாஸ்திரி. அது 1880-களின் தொடக்கம். சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்து நூலாக்கிய ஆல்ஜினேட்டைப் புண்ணின் மேல் வைத்தால், புண்ணிலிருந்து ஒழுகும் நீரில் உள்ள சோடியத்தை ஏற்றுச் சுண்ணாம்பை விட்டுக் கூழாகிவிடுகிறது. புண் ஈரமாகவே இருந்து ஆறும். கட்டை எடுக்கும்போது சதை பிய்வதில்லை. ஆஸ்பத்திரிகளில் சர்க்கரைப் புண்ணுக்கும் படுக்கைப் புண்ணுக்கும் இதை உபயோகிக்கின்றனர். நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் சில திரவ மருந்துகளில் இதுவே இரைப்பையிலுள்ள ரசத்தின் மேல் தெப்பம் போல மிதந்து, அமிலம் மேலே ஏறாமல் தடுக்கிறது. பல் வைத்தியர் பல்லின் அச்சு எடுக்கும் மாவும் இதுதான். கட்டக்கோரையை எடுத்துக் கட்டும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

டைஜீனியா என்னும் சிவப்புப் பாசியை ஜப்பானியர் குடற்பூச்சிக்குக் கஷாயமாகக் கொடுத்துவந்தனர். அதிலுள்ள கைனிக் அமிலம் என்ற சத்து 1953-ல் பிரித்தெடுக்கப்பட்டு மருந்தாகவும் உபயோகமாயிற்று. ஆனால் அதே சத்து அளவு மீறினால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் என்பதும் பின்னர்த் தெரிந்தது. மருந்து என்று சொல்லத்தக்கது எதுவும் இப்படி இருமுனை உடையதே.

இனி, வரவில் வைக்க முடியாதவற்றைப் பார்ப்போம். பழுப்புப் பாசியிலுள்ள பியூகாய்டன் என்ற பொருளை 1913-ல் ஸ்வீடன் தேசத்து கைலின் என்பவர் கண்டார். கண்ணாடிக் குழாயில் வளர்த்த புற்றுநோய் அணுக்களை அது கொல்லுகிறது. எலிகளிடத்தில் கட்டி சுருங்குகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. இவை பொய்யல்ல. பாசியிலிருந்து எடுத்த பல சத்துக்கள் இம்மாதிரியே சர்க்கரைக்கும் வீக்கத்துக்கும் கொழுப்புக்கும் எதிராகக் குழாயிலும் எலியிலும் வேலை செய்திருக்கின்றன. ஆனால் குழாய்க்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரம் நெடுந்தூரம். அது எவ்வளவு நெடிது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறேன்.

சிவப்புப் பாசியிலிருந்து காரஜீனன் என்ற கூழ் கிடைக்கிறது. எய்ட்ஸ் நோயின் வைரஸ் அணுவுக்குள் நுழைவதைக் குழாயில் அது தடுத்தது. அதை ஒரு களிம்பாக்கிப் பெண்களுக்குக் கொடுத்தால் நோய் தொற்றாதிருக்கும் என்று பெரும் நம்பிக்கை பிறந்தது. 2004 முதல் 2007 வரை தென் ஆப்பிரிக்காவில் 6000-க்கு மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இக்களிம்பும், மறு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள மருந்தில்லாக் களிம்பும் கொடுத்துப் பார்த்தனர். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. 2008-ல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவிலும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில் தொற்றியிருந்தது. களிம்பு தீங்கு செய்யவில்லை, காக்கவும் இல்லை. பணம் செலவானாலும் இம்மாதிரிப் பரீட்சை வீணல்ல. அது நடவாதிருந்தால், எத்தனையோ பெண்கள் களிம்பை நம்பி நோயை ஏற்றிருப்பார்கள். இதே காரஜீனனை மூக்கில் தெளிக்கும் மருந்தாக்கிக் கொரோனாத் தொற்றுக் காலத்தில் அர்ஜென்டீனாவில் சுமார் 400 ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் சோதித்தபோது நல்ல பலன் கண்டதாக 2021-ல் வெளியிட்டனர். அது சிறு பரீட்சை. அதைக் கொண்டு பெரிய முடிவு செய்ய இயலாது.

நமது கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே கடல்மின் என்ற பெயருடன் பாசிச் சத்து மாத்திரைகள் பலவற்றை அண்மை ஆண்டுகளில் உண்டாக்கி, தனியார் உற்பத்தியாளருக்கு உரிமம் அளித்திருக்கிறது. மூட்டு வலிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று என அவை உள்ளன. நமது சாஸ்திரிகள் நமது பாசியைக்கொண்டு இவ்வளவு செய்திருப்பது பெருமைக்குரியதே. ஆயினும் அவை வைத்தியத்துக்குத் துணையான சத்துப்பொருள் என்ற வகுப்பைச் சேர்ந்தவை; இன்சுலினுக்கோ, வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்கோ மாற்று அல்ல. இவ்வகைச் சத்துப்பொருள்களுக்கு 2016-ல் ஏற்பட்ட விதிகளின்படி, மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்ற வாசகம் குப்பியின் மேல் கட்டாயம் அச்சிடப்பட வேண்டும். தியாகராய நகர்க் கடையில் நான் படித்த சிறிய எழுத்து அதுவே. குப்பி ஒன்று சொல்ல, விற்பவர் வேறு சொன்னார். சர்க்கரை வியாதியையோ புற்றுநோயையோ தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ணும் இருதய நோயாளிகள் பாசி மாத்திரையை விசேஷமாக விலக்கவேண்டும். காரணம் மேலே பியூகாய்டனைப் பற்றிச் சொன்னதிலிருந்து விளங்கும்.

பாசி தன் உடல் முழுவதாலும் ஜலத்திலுள்ளதை உறிஞ்சும் என்று முதலில் சொன்னேன். கடல் சுத்தமாயிருந்தால் சத்தை உறிஞ்சும். அசுத்தமாயிருந்தால் ஈயம், காட்மியம் முதலிய விஷ உலோகங்களையும் அவ்வாறே உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். ஜப்பானியரின் ஹிஜிகி என்ற பாசியில் பாஷாணச் சத்து மிகுந்திருப்பதால் அதை உண்ணவேண்டாம் என்று 2004-ல் இங்கிலாந்து ஆகாரப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரித்தனர். தியாகராய நகரின் வழியாக ஓடும் மாம்பலம் கால்வாய் நந்தனத்தருகே அடையாற்றில் விழுகிறது; அடையாறு கடலில் விழுகிறது. அக்கால்வாயில் என்ன ஓடுகிறது என்பதை அதன் கரையில் ஒருமுறை நின்றவர் அறிவர். ஆகையால் சென்னைக் கரையில் ஒதுங்கும் பாசியை மருந்தென்று எண்ணி வீட்டுக்கு எடுத்துவருவது சற்றும் தகாது.

இனி இரண்டாம் கேள்வி. சங்கமாகக் கூடி மருந்து செய்யலாமா? கூடாது என்பதே என் அபிப்பிராயம். மருந்து செய்ய 1940-ம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி லைசென்சு வேண்டும். சத்துப்பொருள் செய்ய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஒவ்வொரு முறையும் அயோடினும் உலோகங்களும் அளந்து பார்க்க ரசாயனசாலை வேண்டும். இவ்வளவும் ஒரு கிராமச் சங்கத்தின் சக்திக்கு மேற்பட்டவை. சேமநிதியை எடுத்து இதில் இறக்கலாம் என்று சிலர் சொல்லுகின்றனர். சங்கத்தின் நிதியை எங்கே வைக்கலாம் என்பதை 1983-ம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் விதிகளும் வரையறுத்திருக்கின்றன. ஆதலின் நிர்வாக சபை தன் இஷ்டப்படி அதைத் தொட இயலாது.

பாசி வளர்ப்பு வேறு விஷயம். பிலிப்பைன்ஸ் தேசத்துக் கப்பாபைகஸ் என்ற இனத்தை 1984-ல் மேற்சொன்ன பாவ்நகர் நிலையத்தார் நமது நாட்டுக்குக் கொண்டுவந்தனர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெரிய கம்பெனியார் உரிமம் பெற்று, மண்டபம் பக்கத்துப் பெண்கள் குழுக்களைக்கொண்டு மூங்கில் தெப்பங்களில் வளர்க்கச் செய்தனர். ஒரு தெப்பத்தில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். பல குடும்பங்கள் இதனால் கடன் தீர்த்தன. ஆனால் 2013-க்குப் பின் கடல் ஜலம் சூடேறியதால் பயிர் பெருமளவில் அழிந்து உற்பத்தி சரிந்தது. குருசடைத் தீவருகே இப்பாசி பவளத்தின் மேல் படர்ந்து அதை மூடிவிட்டதாகவும் 2008-ல் ஆராய்ச்சியாளர் எழுதினர். 2020-ல் ஏற்பட்ட மீன்வளத் திட்டத்தில் பாசிக்கென மத்திய சர்க்கார் 640 கோடி ரூபாய் ஒதுக்கியதும், 2023-ல் இராமநாதபுரம் ஜில்லா வளமாவூரில் பாசிப் பூங்காவுக்கு அஸ்திவாரம் இட்டதும் பலருக்கு ஊக்கம் அளித்திருக்கின்றன. கடன் கேட்போர், ஒரு பருவம் பொய்த்தால் தவணையை எங்கிருந்து கட்டுவது என்பதை மனுவிலேயே எழுதவேண்டும் என்று சங்கங்கள் விதித்தல் நன்று.

தெப்பம் இல்லாமல் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் நிலைமை இதனினும் கடினம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பாறையடியில் கையால் பறிக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் தேசிய கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், போகலாகாத இடத்துக்குப் போனதாக வழக்கும் அபராதமும் வேறு. பாசி மீண்டும் வளர இடம் விடவேண்டும் என்று அப்பெண்கள் தாங்களே கூடி, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு செய்துகொண்டனர். அவர்களது தலைவியான சின்னப்பாலத்துப் பெண்மணி ஒருவருக்கு 2015-ல் அமெரிக்காவில் பரிசளித்து மரியாதை செய்தார்கள். சட்டப் புத்தகம் படியாதவர்கள் செய்துகொண்ட இந்தக் கட்டுப்பாடு, நமது சங்கங்கள் பலவற்றின் உபவிதிகளைவிட ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சங்கம் செய்யத்தக்க வேலை இவர்களுக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கிறது. மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்குப் பாசி போவது பெரும்பாலும் வியாபாரிகள் வழியாகவே. முன்பணம் வாங்கியவர் வியாபாரி சொன்ன விலையை மறுக்க முடியாது. ஈரம் என்றும் மணல் என்றும் கலப்பு என்றும் எடையில் கழிப்பார்கள். கழிவு நியாயமா என்று கேட்கச் சேகரித்தவளிடம் சான்று இராது. ஆகவே சங்கம் முதலில் முன்பணக் கடனைத் தான் ஏற்கவேண்டும். பிறகு, மரிக்கொழுந்தைக் கஞ்சிப்பாசியோடு கலக்காமல் இனம் இனமாகப் பிரிக்கச் செய்து, வெறும் மணலில் பரப்பாமல் வலையின் மேலோ தார்ப்பாயின் மேலோ உலர்த்தி, சிப்பியும் மணலும் உதறி, ஈரம் படாத கொட்டகையில் கோணிகளில் சேர்த்து, மொத்தமாக ஆலைக்கே எழுதி விலை கேட்கவேண்டும். இதற்கு லைசென்சு பெற்ற மருந்துச்சாலை வேண்டியதில்லை. முத்திரையிட்ட ஒரு தராசும், ஒரு கொட்டகையும், பெயர், தேதி, இனம், எடை என நான்கு பத்தி போட்ட ஒரு கணக்குப் புத்தகமும் போதும். சங்கத்துத் தராசில் நிறுத்த கோணியை வியாபாரியின் தராசில் மறுபடி நிறுத்தால் எத்தனை கிலோ குறைகிறது என்பதை இரண்டு மாதத்தில் அந்தப் புத்தகமே காட்டிவிடும்.